கெண்டை ஏரியில் தூண்டில் போட்டி: குலுக்கலா, கணக்கா?

கவென்ட்ரியில் குடியேறிச் சில ஆண்டுகளான ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு அருகிலுள்ள கட்டண ஏரியில் அவர் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுக் கெண்டை பிடித்து வருகிறார். அதே ஏரியில் சனிக்கிழமைகளில் நடக்கும் போட்டியில் சேர விருப்பம். ஆனால் ஒரு நாள் கரையில் நின்று பார்த்தபோது, எல்லாரும் பெரிய பெட்டிகளின் மேல் அமர்ந்து பதினாறு மீட்டர் கோல்களை நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு தயங்கிவிட்டார். எவ்வளவு பொருள் வாங்க வேண்டும், எதை முதலில் கற்க வேண்டும், குலுக்கலில் நல்ல இடம் விழுந்தவர்தான் வெல்கிறார் என்று சொல்வது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

குலுக்கலைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் உரிய விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஏரியின் மூலையிலோ, திட்டுக்கு எதிரிலோ, பக்கத்து இடம் காலியாக விடப்பட்ட பெக்கிலோ (போட்டியாளருக்கு எண்ணிட்டு ஒதுக்கும் கரையிடம்) அமர்பவருக்கு அன்றைக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஓர் ஏரியின் ஓராண்டு முடிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், முதல் மூன்று இடங்களில் ஒரு சிலருடைய பெயர்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். எண்களைக் குலுக்கும் பை அவர்களுக்கு மட்டும் சலுகை காட்டுவதில்லை. கிடைத்த ஐந்து மணி நேரத்தில் எந்த மீனை, எந்த இடத்தில், எப்போது தேடுவது, அதற்கு எவ்வளவு தீனி போடுவது என்ற கணக்கு அவர்களிடம் தெளிவாக இருக்கிறது. பொழுதுபோக்காகப் பிடிப்பவருக்கும் போட்டியாளருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால்தான் விதிகள் விளங்கும். சால்மன், டிரவுட் நீங்கலான நன்னீர் மீன்களுக்கான போட்டிகள் இங்கிலாந்தில் நெடுங்காலம் டிரென்ட், செவர்ன், விதம் போன்ற ஆறுகளிலும் கால்வாய்களிலும் நடந்துவந்தன. உலகப் போட்டியில் நான்கு முறை தனிநபர் பட்டம் வென்ற பாப் நட், ஐந்து முறை வென்ற ஆலன் ஸ்காத்தோர்ன் ஆகியோர் அந்த மரபில் உருவானவர்கள். 1980களிலும் 1990களிலும் விவசாயிகள் பலர் தம் நிலத்தில் ஏரி வெட்டி, கெண்டைகளை வாங்கிவிட்டு, நாள் கட்டணத்துக்குத் தூண்டில்காரர்களை அனுமதிக்கத் தொடங்கினர். 1995இல் பெரும்பாலான தேங்குநீர் நிலைகளுக்கு மூடுகாலம், அதாவது மீன்பிடிக்கத் தடையுள்ள காலம், நீக்கப்பட்டது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எனவே ஆண்டு முழுவதும் போட்டி நடத்தக்கூடிய இடமாக ஏரிகள் மாறின, போட்டியாளர்களும் அங்கே இடம்பெயர்ந்தனர். 1994 முதல் தொலைக்காட்சி வழியே புகழ்பெற்ற ஃபிஷ்-ஓ-மேனியா போட்டியின் இறுதிச் சுற்றில் பதினாறு பேர் மோதுவார்கள். டான்காஸ்டரின் ஹேஃபீல்டு, ஸ்டாஃபர்ட்ஷைரின் கட்மோர் போன்ற ஏரிகள் அதனால்தான் நாடறிந்தவையாயின. உங்கள் ஊரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தொலைவிலேயே சோலிஹல்லை அடுத்த பார்ஸ்டன் ஏரிகளும், வாரிக்ஷைரின் டனல் பார்ன் ஃபார்மும் இருக்கின்றன. போட்டிக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வரும் இடங்கள் இவை.

ஆற்று மரபினர் சிலர் இன்றும் இதைத் தொட்டியில் மீன் பிடிப்பது என்று ஏளனம் செய்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. மீன் நிறைய இருப்பது மெய்தான். ஆனால் அந்த மீன்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பல முறை முள்ளைச் சந்தித்தவை. சத்தம், தூண்டில் நரம்பின் தடிப்பு, இரை விழும் வேகம் ஆகிய எல்லாவற்றையும் கவனித்து ஒதுங்கப் பழகிவிட்டவை. அருகருகே அமர்ந்த இருவருக்கும் ஏறத்தாழ ஒரே மீன் கூட்டம்தான் எதிரில் இருக்கிறது என்பதால், ஒருவர் 100 பவுண்டு எடை மீனும் மற்றவர் 30 பவுண்டும் எடுத்தால் காரணத்தைத் தண்ணீரின் மேல் சுமத்துவது கடினம்.

எந்த மீன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஏரிகளில் சாதாக்கெண்டையும் கண்ணாடிக்கெண்டையும் முதன்மையானவை. நமக்கும் இவை அந்நியமல்ல. 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து உதகையில் விடப்பட்ட கண்ணாடிக்கெண்டையும், இன்று தமிழ்நாட்டுக் குளங்களில் வளர்க்கப்படும் சாதாக்கெண்டையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். மூன்றாவதாக எஃப்1 என்னும் கலப்பினம் உண்டு. சாதாக்கெண்டையைக் குரூசியன் கெண்டையுடனோ தங்கமீன் வகையுடனோ சேர்த்து உருவாக்கியது இது. பெரிதாக வளராது, பெரும்பாலும் அரை பவுண்டு முதல் மூன்று பவுண்டுக்குள் நிற்கும். ஆனால் குளிரிலும் தின்னும் என்பதால் ஏரி உரிமையாளர்கள் இதை விரும்பி விடுகிறார்கள். கெண்டை இரையை விழுங்கிக்கொண்டு ஓடும். எஃப்1 வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, தக்கை அரை அங்குலம் அசைவதற்குள் துப்பிவிடும். ஒன்றுக்கு ஏற்ற முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. இவற்றோடு ரோச், பிரீம், பெர்ச் போன்ற சிறு மீன்களும் இருக்கும். இவற்றை மொத்தமாகச் சில்வர்ஸ் என்பார்கள். பல போட்டிகளில் இவற்றுக்குத் தனிப் பரிசும் உண்டு.

சட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று வயது நிறைந்த எவரும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். ஏரிக்குக் கட்டும் கட்டணம் அதற்கு ஈடாகாது. 1987 முதல் வழக்கமான அளவுகளில் ஈயக்குண்டு பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டிருப்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய குண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீனை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு, கூடாது. அவை ஏரி உரிமையாளர் விலைகொடுத்து வாங்கி விட்டவை. போட்டி முடிந்ததும் ஒவ்வொன்றும் உயிரோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும்.

ஏரிக்கு ஏரி மாறும் விதிகளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் ஏறத்தாழ எங்கும் கட்டாயம். சில இடங்களில் அந்த ஏரியின் கடையில் வாங்கிய பெல்லட்டை (சிறு உருண்டைகளாக வரும் மீன்தீனி) மட்டுமே போடலாம். கடலை வகைகள், மிதக்கும் இரை, நாய்-பூனைத் தீனி ஆகியவற்றைப் பல ஏரிகள் தடுக்கின்றன. நரம்பு அறுந்தால் மீன் ஃபீடரை (தீனியை நிரப்பி எறியும் சிறு கருவி) இழுத்துக்கொண்டு திரியாதபடி அது கழன்றுவிடும் வகையில் கட்டியிருக்க வேண்டும். பிடித்த மீனைப் போட்டு வைக்கும் கீப்நெட்டை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று சொல்லி, தாங்களே வலை தருகிற ஏரிகளும் உண்டு. வெளி வலை என்றால் கிருமிநாசினித் தொட்டியில் முக்கிய பிறகே உள்ளே விடுவார்கள். இது வெறும் கெடுபிடி அன்று. 2007 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கும் கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒரு கோடையில் ஏரியின் கெண்டைகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடக் கூடியது, ஈரமான வலை வழியே அது பரவும். வலையை வெயிலில் நன்றாகக் காயவைப்பது உங்கள் பங்கு.

இனி பொருள்களைப் பற்றி. போல் எனப்படுவது ரீல் இல்லாத நீண்ட கார்பன் கோல். துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டுவது. நுனித் துண்டுக்குள் ஓடும் எலாஸ்டிக்கில்தான் நரம்பைக் கட்டுகிறோம். மீன் மாட்டியதும் எலாஸ்டிக் வெளியே நீண்டு அதன் பாய்ச்சலைத் தாங்கும். கோலைப் பின்னாலுள்ள உருளையின் மேல் தள்ளி, துண்டைக் கழற்றி, நுனித் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீனைக் கரைசேர்க்கிறோம். இதன் பெருமை துல்லியம். பதின்மூன்று மீட்டர் தொலைவில் ஒரு தட்டளவு இடத்தில் இரையையும் தீனியையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொரு முறையும் தவறாமல் இறக்கலாம். விலை சில நூறு பவுண்டிலிருந்து பல ஆயிரம் வரை போகும். நீங்கள் பார்த்துப் பயந்த பதினாறு மீட்டர் கோல் முதல் ஆண்டில் தேவையே இல்லை. காற்றடிக்கிற நாளில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே தனி உழைப்பு. பதினொன்று அல்லது பதின்மூன்று மீட்டர் வரை நீளும் நல்ல பழைய போல் ஒன்றை வாங்குங்கள். கோலின் நீளத்தைவிட, அதற்குப் பொருந்தும் நுனித் துண்டுகள் நான்கைந்து கூடுதலாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஆழத்துக்கான தக்கையும் முள்ளும் கட்டித் தயாராக வைத்திருந்தால்தான் இடம் மாற்றும்போது அரை நிமிடத்தில் மாற முடியும். இதனுடன் பத்து அடி நீளமுள்ள ஒரு ஃபீடர் தடி, ரீல், சமநிலையாக நிறுத்தக்கூடிய கால்களுள்ள இருக்கைப் பெட்டி, பக்கத்தில் இரைத்தட்டு ஆகியவை இருந்தால் போதும். அமர்ந்த இடத்திலிருந்து எழாமல் வலை, இரை, கிண்ணம் எல்லாவற்றையும் கை எட்ட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் இருபது வினாடி வீணானால் மாலைக்குள் அது பெரிய தொகையாகிவிடும்.

போட்டி நாளில் காலையில் குலுக்கல் நடக்கும். எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் பெக்குக்குப் போய்ப் பொருள்களை அடுக்க ஒன்றரை மணி நேரம் போல இருக்கும். ஊதல் ஒலிக்கும் வரை தீனி எதையும் தண்ணீரில் போடக் கூடாது. ஆனால் ஆழம் பார்க்கலாம். புதியவர்கள் அவசர அவசரமாக முடித்துவிடும் வேலை இது. நல்ல போட்டியாளர்கள் மிகுந்த பொறுமையுடன் செய்வதும் இதுவே. முள்ளில் ஒரு சிறிய எடைக்குண்டைக் கோத்து, தக்கையின் நுனி நீர்மட்டத்தோடு நிற்கும்வரை ஏற்றி இறக்கி, முன்னே அரை மீட்டர், பக்கவாட்டில் அரை மீட்டர் என்று நகர்த்திக்கொண்டே போனால் தரையின் உருவம் புலப்படும். கரையிலிருந்து சரிந்து இறங்கும் தரை எங்கே சமமாகிறதோ அந்த அடிவாரத்தில் தீனி உருளாமல் நிற்கும். மீனும் அங்கே நின்று தின்னும். சரிவின் நடுவில் போட்டால் தீனி கீழே உருண்டு பரவ, மீன் அதைத் தேடி அலையும். அப்போது நரம்பில் மீனின் உடல் பட்டுத் தக்கை அமிழ, இழுத்தால் செதிலில் மாட்டி வருவது மிகுதியாகும். போல் கோல் எதிர்க்கரையை எட்டுகிற குறுகலான ஏரியானால், அக்கரை ஓரத்தில் 40, 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மேடை போன்ற இடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். எஃப்1 அங்கே விரும்பி நிற்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த ஏரியில் அந்தப் பருவத்தில் பரிசுக்கு 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ வேண்டும் என்று முந்தைய வாரங்களின் முடிவுகள் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள எஃப்1 சராசரியாக ஒன்றேகால் பவுண்டு என்றால் 64 மீன் தேவை. 300 நிமிடத்தில் 64 மீன் என்பது ஐந்து நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று. அதே ஏரியில் ஐந்து பவுண்டுக் கெண்டைகள் இருந்தால் பதினாறே போதும். பத்தொன்பது நிமிடத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எந்த மீனைக் குறிவைப்பது என்பதற்கு விடை கிடைக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் எஃப்1 எட்டு மட்டுமே வந்தது என்றால், அதே வேகத்தில் போனால் நாற்பதில் முடிந்துவிடும் என்பது தெரியவேண்டும். மீன் வந்துகொண்டே இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் அங்கேயே உட்கார்ந்துவிடுவது பொழுதுபோக்குக்காரரின் பழக்கம்.

தீனி போடுவதில் இரண்டு விதமான தவறுகள் உண்டு. இரண்டும் ஒரே நாளில் நேரலாம். தொடக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டால், குளிர்ந்த நீரில் மீன் வயிறு நிரம்பி உங்கள் முள்ளைத் தீண்டாது. வெயில் காலத்தில் சிறுகச் சிறுகப் போட்டு நேரம் கடத்தினால், பக்கத்தவர் தாராளமாகப் போட்டுக் கூட்டத்தை இழுத்துக்கொள்வார். வழக்கமான தீர்வு, கோலின் நுனியில் மாட்டும் கைப்பெருவிரல் அளவுள்ள சின்னக் கிண்ணத்தில் இருபது முப்பது பெல்லட்டை எடுத்துச்சென்று, தக்கையின் மேலேயே தட்டிவிட்டு, ஒரு மீனுக்கு ஒரு கிண்ணம் என்ற விகிதத்தில் போவது. இழுப்பே இல்லாமல் மூன்று நிமிடம் போனால் கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். தக்கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தும் மீன் மாட்டவில்லை என்றால் தீனியைக் குறையுங்கள். கீழே மீன் குறைவாக இருப்பதன் அடையாளம் அன்று அது, கூடிப்போனதன் அடையாளம்.

தீனியாகப் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் நுண் பெல்லட் பயன்படுகிறது. உலர்ந்ததாகப் போட்டால் சில மிதக்கும், மீன் மேலெழுந்துவிடும். ஒரு பெட்டியில் போட்டு, மூழ்கும்வரை நீர் ஊற்றி, ஓரிரு நிமிடம் கழித்து வடித்துவிட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். புட்டுக்குப் பிசைந்த மாவைப் போலக் கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வராமல் குழைந்துவிட்டால் ஃபீடரில் ஒட்டிக்கொண்டு கழறாது. உலர்வாக இருந்தால் ஏரியின் நடுவில் விழும்போதே சிதறிவிடும். முள்ளில் மாட்டும் இரை 4 அல்லது 6 மில்லிமீட்டர் கெட்டிப் பெல்லட்டாக இருக்கும். அதை முள்ளில் குத்த முடியாது, முள்ளோடு கட்டிய சிறு ரப்பர் வளையத்துக்குள் செருக வேண்டும். மக்காச்சோளம், சதுரமாக நறுக்கிய டின் இறைச்சி, ஈப்புழு, மண்புழு ஆகியவையும் நன்றாகவே வேலை செய்யும். வகை வகையாகப் பன்னிரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூன்று இரை போதும்.

ஒரே இடத்தில் ஐந்து மணி நேரம் தாங்காது என்பதால் மூன்று நான்கு இடங்களைத் தயார்செய்து வைப்பதுதான் முறை. ஒரு சாதாரண கோடை நாளில் நான் பரிந்துரைப்பது இப்படி: ஊதல் ஒலித்ததும் நீளக் கோலின் இடத்தில் ஒரு சிறு கிண்ணம் தீனி இட்டுவிட்டு, முதல் முக்கால் மணி நேரம் ஃபீடர் எறிந்து திட்டின் ஓரத்தில் கிடைக்கும் எளிய மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு போலுக்கு மாறுங்கள். அதே வேளையில் ஐந்தாறு மீட்டர் தொலைவில் ஒரு குறுகிய இடத்துக்குக் கையாலேயே ஐந்தாறு பெல்லட்டை ஒவ்வொரு நிமிடமும் வீசிவாருங்கள். அந்த இடத்தில் உடனே தூண்டில் போடாதீர்கள். வெயில் ஏறியதும் கெண்டைகள் மேல்மட்டத்துக்கு வந்து உலவத் தொடங்கினால், ஒன்றரை இரண்டு அடி ஆழத்திலேயே இரையைத் தொங்கவிட்டுப் பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற மீனின் முகத்தெதிரே கோலை நீட்டி இரையை இறக்கும் வித்தையும் உண்டு. அதில் தேர்ந்தவர்களைப் பார்ப்பதே ஓர் இன்பம். ஆனால் அது பயிற்சி வேண்டும் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி ஒன்றரை மணி நேரம். நாள் முழுவதும் கரையில் நடமாட்டம் இருப்பதால் பெரிய கெண்டைகள் ஓரத்தை நெருங்காமல் நிற்கும். மாலை சாய, சந்தடி அடங்கிய நேரத்தில் அவை நாணலின் அடிக்கும், பக்கத்துக் காலி பெக்கின் மேடைக்கும் அருகே, முழங்கால் ஆழமே உள்ள நீருக்கு வரும். அதற்கான இடத்தை நண்பகலிலேயே தேர்ந்து, அவ்வப்போது ஒரு கிண்ணம் சோளமோ ஈப்புழுவோ இட்டு வாருங்கள். நீர் மேல் சுழிப்பு, நாணல் தண்டு திடீரென அசைவது, கலங்கல் எழுவது ஆகியவை மீன் வந்துவிட்டதன் அறிகுறிகள். தடித்த எலாஸ்டிக், வலுவான நரம்பு, பெரிய இரை என்று மாறிவிடுங்கள். ஐந்து பவுண்டுக் கெண்டை பத்து அங்கே விழுந்தால் 50 பவுண்டு. அதுவரை எட்டாம் இடத்தில் இருந்தவர் முதலிடம் பெறுவது இப்படித்தான். எப்போது அங்கே போவது என்பதுதான் கடினமான முடிவு. அறிகுறி தெரிந்ததும் ஓடிப்போய் முதல் மீனை எடுத்துவிட்டால் மற்றவை கலைந்துவிடும். பலமுறை தீனி போட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மீன் துணிந்து தின்பது தெரிந்த பிறகு போவது நல்லது.

ஃபீடரைப் பற்றி இரண்டு குறிப்புகள். மெத்தட் ஃபீடர் என்பது தட்டையான அடியும் மேலே சட்டங்களும் கொண்ட சிறு கருவி. அச்சில் வைத்து நுண் பெல்லட்டை அழுத்தி, நான்கு அங்குல நரம்பின் நுனியிலுள்ள இரையை அதற்குள் புதைத்து எறிகிறோம். மீன் தானே மாட்டிக்கொள்ளும் என்பதால் எளிது, புதியவருக்கு ஏற்றது. ஆனால் ரீலின் ஓரத்திலுள்ள கிளிப்பில் நரம்பை மாட்டி, ஒவ்வொரு எறிதலும் ஒரே தொலைவில் விழும்படி செய்யாவிட்டால் தீனி ஏரி முழுவதும் சிதறி, உங்கள் இரை தனியே கிடக்கும். காத்திருக்கும் நேரத்துக்கும் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நான்கைந்து நிமிடத்தில் இழுக்காவிட்டால் எடுத்து மறுபடி நிரப்பி எறிவது மேல்.

குளிர்காலத்தில் மேற்சொன்னவற்றில் பெரும்பகுதி தலைகீழாகிவிடும். மீன் ஒரு சில இடங்களில் திரண்டு அசையாமல் நிற்கும். அங்கே உட்காரக் குலுக்கல் அருள வேண்டும் என்பதும் மெய்தான். தீனி போடாமல், ரொட்டியை வட்டமாக வெட்டியெடுத்த ஒரு துண்டை வெவ்வேறு ஆழத்தில் தொங்கவிட்டு மீனைத் தேடுவார்கள். மெல்லிய நரம்பும் சிறிய முள்ளும் வேண்டும். கோடையில் காற்று அடிக்கும் கரை நல்லது என்றால், குளிர்ந்த வாடையில் காற்றுக்கு முதுகு காட்டிய, அலையில்லாத நீர்ப்பரப்பே பெரும்பாலும் நல்லது. இருபது பவுண்டுக்கே பரிசு கிடைக்கும் நாள்கள் இவை. கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் வசந்தத்தில், நீர் சூடேறத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் நுழைவது நன்று.

எடைபோடுவதில் புதியவர்கள் அதிகம் இழப்பது வலையின் எல்லையால். மீன் நெருக்கடியில் துன்புறாதபடி ஒரு வலைக்கு இத்தனை பவுண்டு என்று ஏரிகள் வரம்பு வைக்கின்றன. 50 பவுண்டு என்பது பரவலாகக் காணப்படும் அளவு. அதற்கு மேல் போனால் மிகுதியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சில இடங்களில் அந்த வலையையே நிராகரிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு மீனையும் வலையில் போடும்போது மதிப்பிட்டு, விரலால் அழுத்தும் எண்ணியில் கூட்டிக்கொண்டே வந்து, 40 அல்லது 42 பவுண்டு ஆனதும் அடுத்த வலைக்கு மாறுங்கள். நம் கண் மீனைக் குறைத்தே மதிப்பிடும்; இரண்டு பவுண்டு என்று நினைத்தது பெரும்பாலும் இரண்டரை இருக்கும். சில்வர்ஸுக்குத் தனி வலை. இறுதி ஊதல் ஒலிக்கும்போது முள்ளில் மாட்டியிருக்கும் மீன் செல்லுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும், காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொருவரும் கட்டும் தொகையின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கும், ஐந்தாறு பெக்குகளாகப் பிரிக்கப்பட்ட பிரிவுகளில் முதலில் வருபவர்களுக்கும் பங்கிடப்படுகிறது. மோசமான மூலையில் சிக்கியவரும் தன் பிரிவில் அக்கம்பக்கத்தாரை வென்று பணம் எடுக்க முடியும் என்பதால், குலுக்கலின் அநீதி ஓரளவு சமன்படுகிறது. ஆனால் இரை, பெட்ரோல், நுழைவுத்தொகை எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலானோர் ஆண்டு முடிவில் கையைவிட்டே செலவழிக்கிறார்கள். சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள்.

முதல் போட்டியாகப் பெரிய திறந்த போட்டியை எடுக்காமல், உள்ளூர் சங்கம் நடத்தும் சிறிய போட்டியைத் தேர்ந்தெடுங்கள். இருபது பேருக்குள் இருக்கும், வயதானவர்கள் மிகுதி, கேட்டால் ஒளிக்காமல் சொல்லித்தருவார்கள். எடைபோடும் குழு பெக் பெக்காக நகரும்போது தராசைச் சுமக்க உதவ முன்வாருங்கள். ஒவ்வொருவரும் எந்த இரையில், எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு மீன் எடுத்தார்கள் என்பதை அங்கே நின்றே கேட்டுவிடலாம். எந்தக் காணொளியும் அந்த ஏரியைப் பற்றி அவ்வளவு சொல்லாது. அன்றிரவே பெக் எண், காற்றுத் திசை, ஆழம், வென்ற எடை ஆகியவற்றைக் குறித்துவைத்தால், அடுத்த முறை அதே எண் பையிலிருந்து வரும்போது எங்கே சரிவு முடிகிறது என்று தேட வேண்டியிருக்காது.